சாயக் கூடாத படகு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுடைய பயிற்சி வாரத்துக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். “மேடம், ரொம்ப டெக்னிக்கலா வேணாம். புதுசா வந்தவங்களுக்கு ஊக்கம் வர்ற மாதிரி இருந்தா போதும்” என்றார் தொலைபேசியில் பேசியவர். ஓய்வு பெற்றவர்களிடம் ஊக்கம் கேட்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அது இருந்திருந்தால் இன்னும் வேலை செய்துகொண்டிருப்போமே. என்னிடம் இருப்பது ஒரு படகு கவிழ்ந்த கதை. அதைத் தருகிறேன்.

பாயில் காற்று எப்படி விசையாகிறது, அலை படகின் அடியை எப்படித் தூக்குகிறது, எவ்வளவு சாய்ந்தால் படகு தானாக நிமிரும், எதற்குமேல் நிமிராது என்பதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். கணக்கு சரியாக இருந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்பதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தருவதில்லை. நம் வேலையில் பாதி அதுதான்.

அப்போது படகு சிமுலேட்டர்கள் செய்யும் நம் அலுவலகம் ஜொகூரில், உலு திராமில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே சக்கர நட்டுகளை முடுக்கும்போதெல்லாம் மேலே எங்கள் மேசைகள் நடுங்கும். பார்க்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், “அலை ரொம்ப தத்ரூபமா வருது” என்று பாராட்டிவிட்டுப் போனார். நாங்கள் அப்போது கணினியையே போட்டிருக்கவில்லை.

முதலாளி கமால் பாய். பத்து பாகாட்டில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். எதிரே நிற்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பதை அந்தக் கடையில் கற்றுக்கொண்டார். பச்சை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார். பிறகு நீலத்தை எடுத்து விரித்து, வெயிலில் பச்சையாகத் தெரியும் என்பார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் தொழிலுக்கு அவரை அழைக்கும் பெயரே ஒரு சிக்கல். “பாய் ரொம்ப சாயுது”, “பாய்க்குக் காத்து பத்தல”, “பாயை இறக்கிடலாமா?” என்று நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த புதிய வரவேற்பாளர், முதலாளியை வெளியேற்றச் சதி நடக்கிறது என்று பயந்துபோய் அவரிடமே சொல்லிவிட்டார்.

ஜொகூரின் கிழக்குக் கரையில் இருந்த ஒரு நீர்விளையாட்டு மையம் எங்களிடம் வந்தது. பள்ளி முடித்த பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்து, கடற்கரை விடுதிகளில் பயிற்றுநர்களாக வேலைக்கு அனுப்புவது அவர்கள் திட்டம். கடலில் இறங்குவதற்கு முன் கட்டடத்துக்குள்ளேயே பழக ஒரு சிமுலேட்டர் வேண்டும் என்றார்கள். வளைந்த திரை, அதன் முன்னால் ஒரு நிஜப் படகின் பாதி உடல், கையில் சுக்கான் பிடி, பாயை இழுக்கவும் தளர்த்தவும் ஒரு கயிறு, அடியில் உடலைச் சாய்க்கும் மோட்டார்கள். படகு எப்படி அசைய வேண்டும் என்பது என் பொறுப்பு.

மையத்தின் பயிற்சியாளர் புவனா எங்களோடு வந்து உட்கார்ந்து சரிபார்த்தார். மாநிலத்துக்காகப் படகுப் போட்டிகளில் கலந்துகொண்டவர். “அக்கா, இது கார் மாதிரி திரும்புது. இன்னும் கொஞ்சம் யோசிச்சுத் திரும்பணும்” என்பார். நான் மாற்றுவேன். “இப்ப நிமிர்றது சரியில்ல, பொம்மை மாதிரி இருக்கு” என்பார். மறுபடி மாற்றுவேன். ஒருநாள் ஓட்டிவிட்டு இறங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இப்பதான் சரி. வயித்தைப் புரட்டுது” என்றார். என் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

நான் சிங்கப்பூரில் கப்பல் சிமுலேட்டர் வேலையில் சேர்ந்தபோது ஒரு மேலதிகாரி இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படி ஏதாவது சொல்வார்: “நாம செய்யிற மெஷினுக்கு மரியாதை தெரியக் கூடாது. யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்து நடந்துக்கிற மெஷின் சலூன் நாற்காலி.” எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. என்சிக் ரம்லியைச் சந்தித்த பிறகு வேடிக்கையாக இல்லை.

என்சிக் ரம்லி (என்சிக் என்றால் மலாயில் ‘திரு’) அந்தப் பயிற்சித் திட்டத்தின் தலைவர். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன். முதல்முறை சோதித்துப் பார்க்க வந்தவர் படகில் ஏறி உட்கார்ந்தார். திரையில் தூரத்தில் ஒரு தீவு தெரிந்தது. காற்று அந்தத் தீவிலிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. அவர் நேராகத் தீவைப் பார்த்துச் சுக்கானைப் பிடித்தார். பாய் படபடவென்று அடித்தது, படகு நின்றது, பிறகு மெல்லப் பின்னால் போக ஆரம்பித்தது.

“ரோசாக்” என்றார். பழுதாம்.

எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேரெதிரே போகாது, ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டி, திருப்பி, மறுபக்கமாக ஓட்டி, வளைந்து வளைந்துதான் போய்ச் சேர வேண்டும் என்று விளக்கினேன்.

“திறப்பு விழாவுக்கு டத்தோ வர்றாரு, பட்டம் வாங்கின பெரிய மனுஷர். அவர் வளைஞ்சு வளைஞ்சு போனா எப்படி இருக்கும்? நேரா போகணும்.”

அதற்குள் அவர் கயிற்றை இழுத்துவிட்டார். காற்று பக்கவாட்டில் பிடித்துப் படகு சாய்ந்தது. அவருடைய கைப்பேசி சட்டைப் பையிலிருந்து விழுந்து தரையில் ஓடியது. ரம்லி எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, நான் என்றும் மறக்காத அந்த வாக்கியத்தைச் சொன்னார்: “ரியலிஸ்டிக்கா இருக்கட்டும். ஆனா சாயக் கூடாது.”

“ஆகட்டும்” என்றார் கமால் பாய்.

திரும்பி வரும்போது காரில் நான் சண்டை போட்டேன். “பாய், சாயாத பாய்மரப் படகுன்னு ஒண்ணு இல்ல.”

“ஒரே ஒரு நாளைக்குத்தான் லீலா. ஒரு சின்ன சுவிட்சு. டத்தோ வந்து உட்கார்ந்து போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாரு.”

விருந்தினர் வந்து விளையாடிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொருட்காட்சிகளில் எல்லாரும் செய்வதுதான். அதனால் ‘விருந்தினர் ஓட்டம்’ என்று தனியாக ஒன்றைச் செய்தேன். அதில் படகு காற்றை மதிக்காது, சாயாது, கவிழாது. பாயின் அடியில் குறுக்காக நீளும் கட்டையைப் பூம் என்போம். திரும்பும்போது அது படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும். விருந்தினர் தலையில் இடிக்காமல் அது காற்றோடு காற்றாக அவரை ஊடுருவிப் போகும். ஆனால் திரையின் உச்சியில் ‘இது நிஜ ஓட்டம் அல்ல’ என்று பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மதிப்பெண் கிடையாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அதைக் கமால் பாயிடம் மட்டும் கொடுத்தேன்.

விழாவன்று போய்ப் பார்த்தால் அந்த எழுத்து இல்லை. போட்டோவில் விழும் என்று ரம்லி சொன்னாராம். கமால் பாய் எனக்குத் தெரியாமல் வேறொருவரை வைத்து அதை எடுத்துவிட்டு, மதிப்பெண்ணும் சான்றிதழும் சேர்த்திருந்தார்.

டத்தோ ஏறி உட்கார்ந்தார். படகு காற்றுக்கு நேரெதிரே, தண்டவாளத்தில் போவதுபோல் போனது. பாய்மரத்தின் உச்சியில் இருந்த கொடி அவர் முகத்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது. டத்தோ கொடியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், குனிந்து காலடியில் பார்த்தார்.

“இன்ஜின் எங்கே வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

மண்டபமே சிரித்தது. ரம்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டத்தோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடலோரக் கிராமத்தில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் என்று பக்கத்தில் நின்ற புவனா என் காதில் சொன்னார். அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் முடிவுகட்டி, கஷ்டப்பட்டு மறைத்த ஒரு விஷயம், அந்த மண்டபத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் மைக் இருந்தது, கேமரா இருந்தது. அவர் முழு மதிப்பெண் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அடுத்து ரம்லி ஓட்டினார், முழு மதிப்பெண். அடுத்து கமால் பாய், அவருக்கும் முழு மதிப்பெண். இருவரும் சட்டம் போட்டு அறையில் மாட்டிக்கொண்டார்கள்.

பயிற்சி தொடங்கியது. பிள்ளைகள் நிஜ ஓட்டத்தில் உட்கார்ந்து வரிசையாகக் கவிழ்ந்தார்கள். அதற்காகத்தான் அந்த இயந்திரம். தரையில் கவிழ்ந்து பழகினால் தண்ணீரில் கவிழ்வது குறையும். புவனாவுக்கு மகிழ்ச்சி. ரம்லிக்குக் கவலை. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எல்லாரும் தோல்வி என்று எப்படி எழுதுவது? டத்தோ முதல் தடவையிலேயே முழு மதிப்பெண் வாங்கிய இயந்திரத்தில் இளம்பிள்ளைகள் கவிழ்ந்தால், குறை பிள்ளைகளிடமா, பயிற்சியாளரிடமா? அவர் கமால் பாயைக் கூப்பிட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டார். கமால் பாய் ‘இல்லை’ சொல்லாதவர்.

அதன்பிறகு ரம்லியின் ஆட்களே சிமுலேட்டர் அறையைப் பார்த்துக்கொண்டார்கள். புவனாவைக் கடலோடு நிறுத்திவிட்டார்கள். விருந்தினர் ஓட்டத்தில் எல்லாரும் தேறினார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒருநாள் காலை புவனா கூப்பிட்டார்.

“அக்கா, உங்க மெஷின்ல பூம் வரும்போது குனியணுமா வேணாமா?”

“குனியணும். இல்லாட்டி இடிக்கும், திரை கறுப்பாயிடும். நீங்கதானே அப்படி வைக்கச் சொன்னீங்க?”

“இந்தப் பசங்க யாருமே குனிய மாட்டேங்கிறாங்க. வரும்போது பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. ஷாமினின்னு ஒரு பொண்ணு, இன்னிக்கு அடிபட்டுத் தண்ணில விழுந்துட்டா. நினைவில்ல. லைஃப் ஜாக்கெட் இருந்ததால முகம் மேல இருந்துச்சு. நான்தான் தூக்கினேன்.”

கமால் பாயும் நானும் மருத்துவமனைக்குப் போனோம். அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பியிருந்தது. புருவத்துக்கு மேல் தையல், கண் வீங்கி மூடியிருந்தது. அவள் அம்மா தொழிற்சாலைச் சீருடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். அந்த மரியாதை எனக்கு என்னவோ செய்தது.

“சார், உங்க மெஷின்ல இவ ஃபுல் மார்க்கு. எங்கிட்ட சர்ட்டிபிகேட் காட்டினா. அதுல நல்லா ஓட்டினா கடல்லயும் ஓட்டலாம்னுதானே சொன்னாங்க? அப்புறம் இவ என்ன தப்பு பண்ணா?”

கமால் பாய் அந்த அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அவ ஒரு தப்பும் பண்ணல மா” என்று நான்தான் சொன்னேன்.

அங்கிருந்து நேராக ரம்லியின் அலுவலகம். அந்த ஓட்டத்தை இன்றைக்கே அழிக்க வேண்டும் என்றேன். ரம்லி பொறுமையாகக் கேட்டார். பிறகு மூன்று காரணங்களால் அது முடியாது என்று விளக்கினார். இரண்டு எனக்குப் புரியவில்லை. புரிந்தது இதுதான்: “அது டத்தோ திறந்து வெச்ச மென்பொருள். அது தப்புன்னா டத்தோ ஓட்டினது தப்புன்னு ஆகாதா? இவ்வளவு பேர் தேறியிருக்காங்க. கடல்ல போனாத்தான் பிரச்சினை வருது. அப்ப கடல் பகுதியைத்தான் நாம மறுபரிசீலனை செய்யணும்.”

அவர் கேலி செய்யவில்லை. அதை எழுதியே வைத்திருந்தார். கடலில் பயிற்சி அபாயமானது என்பதால் அதை ரத்து செய்து, சிமுலேட்டரோடு பயிற்சியை முடித்துவிடலாம் என்று ஒரு பரிந்துரை. கடலையே பார்க்காத பயிற்றுநர்கள் விடுதிகளுக்குப் போய், விடுமுறைக்கு வந்த குடும்பங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். என் மடிக்கணினியில் எல்லா வரைபடமும் இருந்தது. திறந்து காட்டத் தொடங்கியிருந்தால் சாயங்காலம் வரை பேசியிருப்பேன், அவர் சாயங்காலம் வரை தலையாட்டியிருப்பார். சுவரில் பார்த்தேன். அவருடைய சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்சிக், நீங்களே முழு மதிப்பெண் எடுத்தவர். வெளியே நல்ல காத்து இருக்கு. ஒரு படகை எடுத்து அந்த மிதவை வரைக்கும் போய்ட்டு வாங்க. போய்ட்டு வந்துட்டீங்கன்னா நான் வாயை மூடிக்கிறேன்” என்றேன்.

ரம்லி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். இன்று காலணி சரியில்லை என்றார். எனக்குப் பக்கத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நானும் ஃபுல் மார்க்தான் என்சிக்” என்றார் கமால் பாய். அவர் ஏற்கெனவே கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். “வாங்க, ரெண்டு பேரும் போலாம்.”

புவனா இருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் தலைக்கவசமும் மாட்டி, இடுப்பளவு தண்ணீர் உள்ள இடத்துக்குள்ளேயே மிதவையைப் போட்டார். அவரும் நானும் விசைப்படகில் ஒட்டிக்கொண்டே போனோம். காற்று மிதவை இருந்த திசையிலிருந்து வீசியது. ரம்லி சுக்கானைப் பிடித்து, நேராக மிதவையைப் பார்த்து வைத்தார். பாய் படபடத்தது. படகு நின்றது. பின்னால் போனது.

“காத்து தப்பா அடிக்குது!” என்று கத்தினார்.

பின்னால் போன படகு மெல்லத் திரும்பியது. காற்று பக்கவாட்டில் பிடித்துக்கொண்டது. கமால் பாய் பயத்தில் பாய்க்கயிற்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். படகு சாயத் தொடங்கியது.

“பாயை விடுங்க! பாயை விடுங்க!” என்று புவனா கத்தினார்.

“என்னையா? என்னை எங்க விடுறது?” என்று கமால் பாய் திருப்பிக் கத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “லீலா! குறை லா! ரியலிஸத்தைக் குறை!”

கடலில் அந்தச் சுவிட்சு எனக்கு எட்டவில்லை. படகு அழகாக, நான் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே கோணத்தைத் தாண்டியதும், நிமிர மறுத்துக் கவிழ்ந்தது. “அலமாக்!” என்று ஒரு குரல் பாதியில் நின்றது. இரண்டு தலைக்கவசங்கள் மேலே வந்தன. ரம்லி சிறிதுநேரம் நீந்திவிட்டு, காலை ஊன்றிப் பார்த்தார். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

கரையில் இருவரும் துண்டைப் போர்த்திக்கொண்டு தேநீர் குடித்தார்கள். முதலில் பேசியது கமால் பாய்தான். அந்தத் துணிக்கடை மூளையை அன்றுதான் நான் முழுமையாக மதித்தேன்.

“என்சிக், முதல் பதிப்பு பிரமாதம். டத்தோவே ஓட்டினாரு. இப்ப ரெண்டாம் பதிப்பு கொண்டு வர்றோம். இன்னும் ரியலிஸ்டிக். நீங்க சொன்ன கருத்தை வெச்சே செஞ்சதா போட்டுக்கலாம்.”

ரம்லியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பரிந்துரையைக் கிழித்துப் போட்டார். இரண்டாம் பதிப்பு மறுநாளே தயார். அதில் இருந்த ஒரே புதுமை, முதல் பதிப்பில் இருந்த ஒன்று இல்லாததுதான். அதற்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது, கேக் வெட்டினார்கள். ஒரு நிரலை அழித்ததற்காக மேடையில் மாலை வாங்கியது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தப்பு நடந்தது என்று யாராவது சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். கமால் பாயிடம் சொன்னேன். “யார்கிட்ட சொல்லணுமோ அங்க போய் சொல்லிட்டேன்” என்றார். ஷாமினியின் வீட்டுக்குத் தனியாகப் போய், தான் கடவுச்சொல்லைக் கொடுத்ததைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா என்ன பேசினார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. அதன்பின் சில நாட்கள் வாடிக்கையாளர்களிடம் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று சொல்லிப் பார்த்தார். நெடுநாள் நீடிக்கவில்லை.

ஷாமினி தையல் பிரித்ததும் திரும்பி வந்தாள். அம்மாவுக்கு விருப்பமில்லை, இவள்தான் பிடிவாதம் பிடித்தாளாம். நிஜ ஓட்டத்தில் உட்கார்ந்து கவிழ்ந்தாள். திட்டிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து மறுபடி கவிழ்ந்தாள். புவனா கடலுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்த நாளில் எங்களையும் கூப்பிட்டார். கமால் பாய், ரம்லி, நான் மூவரும் படகுத்துறையில் நின்றோம்.

அவள் வளைகுடாவின் வாய்வரை போய், மிதவையைச் சுற்றினாள். திரும்பும் இடத்தில் காற்று ஓங்கியடித்தது. பூம் வீசிக்கொண்டு வந்தது. கமால் பாய் என் கையைப் பிடித்தார், வலித்தது. அவள் குனிந்தாள். கட்டை முதுகுக்கு மேல் போனது. பாய் மறுபக்கம் நிறைந்து, படகு நன்றாகச் சாய்ந்து, எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. புவனா விசைப்படகில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார்.

ஷாமினி துறைக்கு வந்து கயிற்றை எறிந்தாள். முகமெல்லாம் தண்ணீர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு துப்பினாள்.

“எப்படிமா இருந்துச்சு?” என்று கேட்டேன். “நம்ம மெஷின் மாதிரி இருந்துச்சா?”

“எல்லாம் அப்படியேதான் ஆன்ட்டி. உப்புத் தண்ணி கண்ணுல அடிக்கும்னு மட்டும் உங்க மெஷின் சொல்லல. திரும்பறப்ப ஒண்ணுமே தெரியல எனக்கு.”

அவள் சொன்னதை நான் ரம்லிக்கு மலாயில் சொன்னேன். அவர் உடனே கமால் பாய் பக்கம் திரும்பினார். உப்புத் தண்ணீரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். மின்சாரம், மோட்டார், திரை எல்லாம் இருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீரா என்று நான் வாயெடுப்பதற்குள் கமால் பாய் “ஆகட்டும்” என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்திருப்பது அந்த வேலைக்குத்தான்.